ஆறாம் கோட்டுக்கும் ஏழாம் கோட்டுக்கும் நடுவில்

பேருந்து மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, முதலில் மட்டமாகப் பிடிப்பார். பிறகு கட்டைவிரல் பக்கத்தை ஓர் இம்மி தூக்குவார். காற்று கையை மேலே தள்ளும். இன்னும் ஓர் இம்மி. இன்னும் ஒன்று. ஏதோ ஓர் இடத்தில் காற்றுக்கு அலுத்துப்போகும். கை தொபுக்கென்று கீழே சரியும். அந்த இடம் வந்ததும் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பார். இருபத்திரண்டு வருடமாக அடுத்த இருக்கையில் உட்கார்ந்து அவருடைய மனைவி இதைப் பார்த்துவந்தாள்.

"கையை உள்ள வைங்க சார். எதிர்ல வர்ற லாரிக்காரன் சும்மா வாங்கிட்டுப் போயிடுவான்" என்பார் நடத்துநர்.

"அரை நிமிஷம்" என்பார் இவர்.

நடத்துநர்கள் மாறினார்கள். பேருந்தின் நிறம்கூட இரண்டு முறை மாறியது. அந்த அரை நிமிஷம் மட்டும் மாறவில்லை.

வேலையிடத்திலும் அவருக்கு எல்லாம் அரைதான். விமானம் கட்டுவதற்கு முன்னால் அதன் சின்ன உருவத்தை எஃகில் செய்து, நீளமான ஒரு குழாய்க்குள் நிறுத்தி, ராட்சத விசிறியால் காற்றை ஊதிச் சோதிப்பார்கள். அந்தச் சின்ன உருவங்களைச் செய்யும் கூடத்தில் அவர் மூத்த தொழிலாளி. இயந்திரம் கடைந்து தள்ளியதை அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்துக் கடைசி வடிவத்துக்குக் கொண்டுவருவது அவர் கை. "இன்னும் அரை மில்லி இருக்கு" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வதால் அங்கே அவருக்குப் பெயரே அரை மில்லி.

"அரை மில்லி, உன் வீட்டுக் கதவு இடிக்குதாமே? அதுல எத்தனை அரை மில்லியை விட்ட?" என்று கேட்பார் அளவுக்காரர். செய்து முடித்ததைச் சரிபார்ப்பது அவர் வேலை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"அது தச்சன் செஞ்சதுய்யா. நான் செஞ்சிருந்தா கதவு இருக்கறதே உனக்குத் தெரிஞ்சிருக்காது."

மனைவி அதே பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும் கம்பெனிக்குப் போகிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கண் மட்டும் சும்மா இருக்காது. நூறு சட்டையில் ஒரு பட்டன் நூலளவு விலகியிருந்தால் அவள் விரல் நேரே அங்கே போய் நிற்கும். அதனால்தானோ என்னவோ, அவர் தன் தொழில் விஷயத்தை வீட்டில் அவளிடம்தான் பேசினார். சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு பேரும் ஊமை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ராடாருக்குச் சிக்காத போர் விமானம் ஒன்றின் வரைபடம் கூடத்துக்கு வந்தது. அன்று மாலை அவர் ஒரு பற்பசை அட்டைப் பெட்டியை வெட்டி அதன் வடிவத்தை அவளுக்குக் காட்டினார்.

"ராடார்னா இருட்டுல டார்ச் அடிக்கற மாதிரி. வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தா மாட்டிக்குவ. அதனால இதுக்கு எல்லா ஓரமும் ஒரே பக்கம் பார்க்கணும். ஒரு ஓரம் மட்டும் முறைச்சுக்கிட்டு நின்னா போச்சு, காட்டிக் குடுத்துடும்."

"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"ஒளியறதுக்கு நல்லாருக்கு. திரும்பச் சொல்லு பார்க்கலாம். பீரோ திரும்பற மாதிரி திரும்பும்."

அன்றிலிருந்து அவர் மனத்தில் அந்த பீரோவைத் திருப்பும் வேலை ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை, சம்பளத்தில் சேராத வேலை. மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம், காலண்டர் தாள், மருந்துக்கடைக் கவர், எது கிடைத்தாலும் ஒரு மூக்கு, ஒரு வால். புகை வெளியேறும் வாயை மீன் வாலைப் போல மேலும் கீழும் ஆட வைத்தால் என்ன? பாரம் கூடிவிடும் என்று அவரே அடித்துவிடுவார். வால் இறக்கைகளை இன்னும் கொஞ்சம் படுக்க வைத்தால்? பக்கவாட்டில் வழுக்கும். இறக்கைமேல் ஊசித் துளைகள் போட்டு உள்ளிருந்து காற்றை ஊதினால்? துளையின் விளிம்பெல்லாம் ராடாரில் மின்னும். சாப்பிடும்போது திடீரென்று கை நிற்கும். "ம்ஹூம், வராது" என்பார். எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்பதில்லை. குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

ஞாயிறு மதியங்களில் மேசை விசிறியை வேகமாக வைத்து, அதன் முன்னால் அட்டை விமானத்தை நூலில் கட்டித் தொங்கவிடுவார். விசிறிக்குப் பக்கத்தில் அவள் கொசுவர்த்திச் சுருளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புகை இறக்கையின்மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அவர் மூக்கைத் தூக்கத் தூக்க, புகை ஓரிடத்தில் இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு கலைந்துபோகும். கலைந்ததும் அட்டை குடைசாயும்.

ஒரு ஞாயிறு அவள்தான் சொன்னாள். "இங்க பாருங்க. இறக்கை உடம்போட சேர்ற இடத்துல அட்டை கொஞ்சம் பிதுங்கியிருக்குல்ல. இங்க மட்டும் புகை சடை மாதிரி சுருண்டு உக்காந்திருக்கு. பிய்யவே மாட்டேங்குது."

கத்தரி சரியாக வெட்டாமல் விட்ட பிசிறு அது. அவர் குனிந்து பார்த்தார். மூக்கை இன்னும் தூக்கினார். புகைச்சடை அப்படியே இறக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்திவிட்டு வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அந்த வளைவை வரைந்து எடுத்துக்கொண்டு வடிவமைப்பாளரிடம் போனார். வடிவமைப்பாளர் வயதில் இளையவர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் தரும்போது ஒரு கையால் தந்தார்.

"அண்ணே, இது ஒரு ஓரம் தனியாப் பாக்குது. ராடார்காரங்க என்னைக் கொன்னே போட்டுருவாங்க. நீங்க வரைபடத்துல இருக்கறதைச் செய்ங்க. மத்ததுக்கு நாங்க இருக்கோம்ல."

அவர் சரி என்றுதான் வந்தார். ஆனால் அரத்தைக் கையில் எடுத்தபோது அந்த இடத்தில் மட்டும் கை நின்றது. தேய்த்து எடுக்க வேண்டிய இரண்டு மில்லியை அவர் எடுக்கவில்லை. மெதுவான ஒரு வளைவாக விட்டுவிட்டார். அசல் விமானம் இதைப்போலப் பதினைந்து மடங்கு. அங்கே அது இரண்டு விரல் அகலம்.

எப்படி யாரும் பார்க்கவில்லை என்று கேட்டால், அது அந்தக் கூடத்து வழக்கம். மூக்கிலிருந்து வால்வரை உருவத்தின் குறுக்கே பன்னிரண்டு கோடுகள் வரைந்திருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் தகட்டில் வெட்டிய ஓர் அச்சு. அளவுக்காரர் அச்சை அந்தந்தக் கோட்டில் வைத்து விளக்குக்கு எதிரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் தப்பு, கசியாவிட்டால் சரி. அந்தப் பன்னிரண்டு அச்சுகளையும் வெட்டிக்கொடுத்தவர் அரை மில்லிதான். வளைவு ஆறாம் கோட்டைத் தாண்டிப் பிறந்து, ஏழாம் கோட்டைத் தொடும் முன்னால் அடங்கியது. பன்னிரண்டு இடத்திலும் வெளிச்சம் வரவில்லை.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சோதனை முடிந்ததும் "பாத்தீங்களா சார், அதுதான் இது" என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் முடிவு அவர் நினைத்ததைவிட நன்றாக வந்துவிட்டது. மூக்கை எவ்வளவு தூக்கினாலும் உருவம் நிலைகுலையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இனிப்பு வந்தது. வடிவமைப்பாளர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, "உங்க கைண்ணே, உங்க கை" என்று சொன்னபோது அந்த இளைஞர் கண்ணில் தண்ணீர். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். அதற்கு மறுநாள் விடுமுறை. அப்புறம் சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

வீட்டில் இனிப்புப் பொட்டலத்தைக் கொடுத்து, "ஜெயிச்சுட்டோம்மா" என்றார். தன் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிற்பாடு அந்த விமானம் நகரத்துக்கு மேலே பழகத் தொடங்கியபோது, கம்பெனியில் எல்லோரும் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார்கள். அவள் பொத்தமாட்டாள். பட்டன் ஊசியை நிறுத்திக் கொஞ்சம் கேட்பாள். தான் பார்த்த வளைவு மேலே போகிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதை முதலில் ஓட்டப்போகும் விமானி ஒருநாள் கூடத்துக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தகப்பனார் லாரி மெக்கானிக்காம்; அரத்தைப் பார்த்ததும் எடுத்துப் பதம் பார்த்தார். பிறகு எஃகு உருவத்தைக் கையில் ஏந்தி, "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் கை காட்டினார்கள். விமானி தன் உள்ளங்கையை மட்டமாகப் பிடித்து, கட்டைவிரல் பக்கத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார். பேருந்தில் இவர் செய்வதைப் போலவே.

"எது வரைக்கும் இழுக்கலாம்ணே? புஸ்தகத்துல போட்டிருக்கறதை நம்பலாமா?"

"தைரியமா இழுங்க தம்பி. காத்து விடாது" என்றார் இவர்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நல்ல வெயிலில், தாழ்வாகப் பறந்து ஒரு திருப்பம் திரும்பும்போது காற்று இறக்கையை விட்டுவிட்டது. விமானி வெளியே குதிக்க உயரம் போதவில்லை.

மறுநாள் பேருந்து மேம்பாலத்தில் ஏறியது. அவர் இரண்டு கையும் மடியில் இருந்த சாப்பாட்டுப் பைமேல் இருந்தன. கடந்து போன நடத்துநர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். செத்தவருக்காக வருத்தப்படுகிறார் என்று மனைவி முதல் நாள் நினைத்தாள். மூன்றாம் நாள் அது வெறும் வருத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டாள். பதினோராம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எதிரே அவர் வந்து உட்கார்ந்தார்.

"அந்த வளைவு அசல்ல இல்லம்மா."

அவள் நிமிர்ந்தாள். "எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே."

"ஜெயிச்சுட்டோம்னுதான் சொன்னேன். நான் செஞ்ச பொம்மையில இருந்துச்சு. வரைபடத்துல இல்ல. அசலை வரைபடத்தைப் பாத்துக் கட்டிட்டாங்க. பொம்மை எவ்வளவு தாங்கிச்சோ அதை அசலும் தாங்கும்னு புஸ்தகத்துல எழுதிட்டாங்க. அந்தப் பையன் புஸ்தகத்தை நம்பி இழுத்திருக்கான். என்னையும் கேட்டான். அத்தனை பேர் முன்னால உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லாம, இழுன்னுட்டேன்."

கீரைத் தண்டை அவள் ஒடித்துக்கொண்டே இருந்தாள். இலையும் தண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

"நான் காட்டலைன்னா..." என்றாள்.

"நீ காட்டினது சரி. நான் செஞ்சதுதான் தப்பு. அதைப் போட்டுக் குழப்பிக்காத."

விசாரணை நடந்துகொண்டிருந்தது. விமானி அளவுக்கு மீறி இழுத்துவிட்டார், அவசரப்பட்டார் என்று பேச்சு வந்தது. செத்துப்போனவர்மேல் பழி போடுவது சுலபம், வந்து மறுக்கமாட்டார்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

"வேலை போகும். உள்ள வெச்சாலும் வெப்பாங்க."

"போகட்டும். அந்தப் பையன் பேராவது மிஞ்சட்டும்."

நாலு பக்கம் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். "ஒரு பிசகு நேர்ந்துவிட்டதுன்னு எழுதியிருக்கீங்க. தானாவா நேர்ந்துச்சு?" அவர் அந்த வரியை அடித்துவிட்டு, தெரிந்தே விட்டேன் என்று எழுதினார்.

விசாரணைக்குழுவின் தலைவர் பொறுமையாகப் படித்தார். கண்ணாடிப் பேழையில் இருந்த எஃகு உருவத்தை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அளவுக்காரர் வந்தார். இப்போது துறைத்தலைவராகிவிட்ட வடிவமைப்பாளரும் வந்து ஓரமாக நின்றார். பன்னிரண்டு அச்சுகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அளவுக்காரர் ஒவ்வொன்றாக வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். ஒன்று. இரண்டு. பன்னிரண்டு வரைக்கும். எங்கும் வெளிச்சம் கசியவில்லை.

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல பாருய்யா" என்றார் இவர்.

அளவுக்காரர் கட்டைவிரலால் இறக்கையின் ஓரத்தை ஆறாம் கோட்டிலிருந்து தடவிக்கொண்டு போனார். பாதியில் விரல் நின்றது. முப்பது வருடப் பழக்கமுள்ள விரல். அதற்குத் தெரியாமல் இருக்காது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு சார்" என்றார், தலைவரைப் பார்த்து.

"நடுவில் அளக்க வழி இருக்கிறதா?" என்று தலைவர் கேட்டார்.

வடிவமைப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "அங்க கோடு இல்லை சார். கோடு இல்லாத இடத்துல அளந்தா அந்த அளவை எதோட ஒப்பிடறது?"

"வரைபடம் இருக்கு. நான் அச்சு வெட்டித் தர்றேன்" என்றார் இவர்.

"அண்ணே, தப்பு செஞ்சேன்னு சொல்றதும் நீங்க, அதை அளக்க அச்சு வெட்டறதும் நீங்களா?" வடிவமைப்பாளர் சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். அந்த இரண்டு மில்லியை ஒப்புக்கொண்டால் இத்தனை வருடக் கையெழுத்துகள் அத்தனையும் வரிசையாகச் சாயும்.

தலைவர் எழுந்துவந்து இவர் தோளில் கை வைத்தார். "நீண்ட காலம் உழைத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் மனசு எதையாவது தேடும். பதினைந்து நாள் ஓய்வெடுங்கள்." நாலு பக்கமும் உருவத்தோடு சேர்ந்து கிடங்குக்குப் போயின.

அந்தப் பதினைந்து நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் டப்பாவின் தகரத்தை வெட்டினார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வைக்க வேண்டிய அச்சு. வரைபடம் மனப்பாடம். இழைத்து இழைத்து, பார்த்துப் பார்த்து, கண்ணாடி போல ஆக்கினார். வைத்துப்பார்க்க இடம்தான் இல்லை. கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் அதைப் போட்டு வைத்தார்.

அறிக்கை வந்தது. விமானியின் தவறு என்று ஒரே வரி.

அடுத்த ஞாயிறு இருவரும் மூன்று பேருந்து மாறி விமானியின் தகப்பனார் வீட்டுக்குப் போனார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. பெரியவர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் கண்ணில் பட்ட புகையைப் பற்றி மனைவியும் சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. கடைசியில் இவர் தகர அச்சையும், தன் கையால் விட்ட வளைவைப் போலவே வெட்டிய இன்னொரு தகட்டையும் சேர்த்து நீட்டினார்.

பெரியவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு இரண்டையும் வாங்கினார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். நடுவில் மெல்லிய பிறைபோல வெளிச்சம் தெரிந்தது. தொழில்காரர், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"எம்பையன் சரியாத்தான் ஓட்டியிருக்கான்."

"சரியாத்தான் ஓட்டியிருக்காரு."

"இதை எங்க சொல்லணுமோ அங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். வெளிச்சம் வரலைன்னுட்டாங்க."

பெரியவர் தகடுகளைக் கருவிப்பெட்டிக்குள் வைத்தார். "இது இங்க இருக்கட்டும்" என்றார். "நீங்க இனிமே வராதீங்க." மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவருடைய செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

அறிக்கை இன்றுவரை மாறவில்லை. எஃகு உருவம் கிடங்கில் பூட்டில் இருக்கிறது. அதே விமானத்தை வேறு விமானிகள் ஓட்டுகிறார்கள். எங்கும் கடுமையாகத் திரும்ப வேண்டாம் என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவைத்திருக்கிறார்களாம். அரை மில்லியை உருவம் செய்யும் மேசையிலிருந்து எடுத்து, அரங்களையும் உளிகளையும் சாணை பிடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அளவுக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. தேய்ந்த கருவிகளை ஆள் மூலம் அனுப்புகிறார். விமானச் சத்தம் கேட்டால் பட்டன் கம்பெனியில் எல்லோரோடும் சேர்ந்து அவளும் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறாள்.

காலைப் பேருந்து அதேதான். ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு இவர் நடைபாதை ஓரத்தில் உட்காருகிறார். மேம்பாலம் வரும்போது அவர் கை அவளைத் தாண்டி வந்து, எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுகிறது.